கையால் சுற்றும் சார்ஜர்

குண்டடம் தாண்டி ஒரு நிழற்குடைக்கு நானும் கன்னையனும் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். 2009 தைப்பூசம். திருப்பூரிலிருந்து பழனிக்கு நடைப்பயணம். உடன் வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கன்னையன் காலில் கொப்புளம். அவனுக்குத் துணையாகத்தான் பின்தங்கினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் என்னாலும் நடக்க முடியவில்லை.

கன்னையன் எங்கள் பனியன் கம்பெனியில் டெய்லர். நான் அயர்ன் மாஸ்டர். அவன் மகள் அனுப்பிரியாவுக்குப் பத்து வயது. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. மாலை போட்டாயிற்று, நடந்து முடித்தால்தான் பிள்ளை எழுந்து உட்காரும் என்று அவன் மனைவி வேலாத்தாள்தான் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள். "போனை மட்டும் அணைய உட்றாதீங்க" என்றாள்.

எனக்கு அப்போது செல்போன் கிடையாது. அவனுடைய ஒரு போனை மூன்று நாளைக்கு உயிரோடு வைத்திருக்க வேண்டும். வழியெல்லாம் கரண்ட் கட். கிளம்பும் முன் செல்போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்துப் போட்டார். ஒன்று, நாலு பென்சில் செல் போடுகிற சார்ஜர். அடுத்தது டூப்ளிகேட் பேட்டரி. அது கடையிலேயே வயிறு உப்பிக் கிடந்தது. மூன்றாவது, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பக்கவாட்டில் மடக்குகிற கைப்பிடி. சுற்றினால் சார்ஜ் ஏறும்.

கன்னையன் பென்சில் செல் சார்ஜரைத்தான் எடுத்தான். எனக்குத்தான் எதிலும் மூக்கை நுழைக்கும் குணமாயிற்றே.

"செல்லு தீந்து போனா நடுரோட்டுல என்னப்பா பண்ணுவே? இதுன்னா கையிருக்கிற வரைக்கும் சுத்தலாம்" என்றேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

நிழற்குடையில் உட்கார்ந்ததும் போன் அணைந்தது. வயரைச் சொருகிச் சுற்ற ஆரம்பித்தான். பெட்டிக்குள் கர்ரென்று ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் போன் வெளிச்சம் காட்டியது. உடனே அடித்தது.

"ஏனுங்க, புள்ள கண்ணு முழிச்சிருச்சுங்க! இட்லி கேக்குதுங்க!" வேலாத்தாளின் குரல் எனக்கே கேட்டது.

கன்னையன் அழுதுகொண்டே சிரித்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வழியில் கொடுத்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். நாலு வாய் தின்றிருப்போம். மறுபடி போன்.

"நெனவு தப்பிருச்சுங்க. எல்லாரும் ஓடறாங்க. நீங்க வந்துருங்க."

எச்சில் கையோடு எழுந்தான். பேச்சின் நடுவிலேயே போன் அணைந்திருந்தது. பதறிப்போய்ச் சுற்றினான். உயிர் வந்ததும் அடித்தது. "முழிச்சிருச்சுங்க!"

நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தான்.

போனில் வேலாத்தாளின் அலறல்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் மறுபடி சுற்றினான். நான் நடுரோட்டில் நின்று கையாட்டினேன். திருப்பூர் போகிற பஸ்கள் பூசக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டு நிற்காமல் போயின. ஐந்தாவது பஸ் என்னை இடிக்கப் பார்த்தது.

"மாஸ்டர், கொஞ்சம் புடிங்க" என்று முனகினான். "நிறுத்தாம வாங்குங்க."

நிறுத்தாமல்தான் வாங்கினேன். அவன் சுவரில் சாய்ந்தான். அப்படியே கண் சொருகிவிட்டது.

சுற்றத் தொடங்கியதும் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. பஞ்சில் நனைத்துத் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாடை. சுற்றிலும் சோளத்தட்டு நிற்கிற காடு. காற்றே இல்லை.

கைப்பிடியை யாரோ பிடித்திருந்தார்கள்.

பலமாக இழுக்கவில்லை. நான் களைத்துப்போகட்டும் என்று காத்திருக்கிற பிடி. அவசரமே இல்லாத பிடி.

"கன்னையா" என்றேன். அவன் அசையவில்லை. பூசக் கூட்டம் போன அதே ரோட்டில் இப்போது ஓர் ஆள் இல்லை. வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினேன். இருபது வருடம் இஸ்திரிப் பெட்டி தள்ளிய கை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டு வந்தன. முருகா முருகா என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

கை நழுவிவிட்டது. நானாக விடவில்லை. எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் எனக்கே அது பொய்யாகப் படுகிறது.

கைப்பிடி நிற்கவில்லை.

எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

மெதுவாக, நிதானமாக, ஆளே தொடாமல்.

இரண்டு கையாலும் பிடித்தேன். என் கைகளையும் சேர்த்துச் சுற்றியது. போன் திரையில் ஏறியிருந்த நாலு சார்ஜ் கோடு மூன்றாயிற்று. இரண்டாயிற்று. ஒன்று. அதுவும் போயிற்று.

கன்னையன் திடுக்கிட்டு விழித்தான். "பஸ்ஸு வந்துச்சுங்களா?"

கை காட்டாமலே ஒரு பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவனை ஏற்றினேன். கைப்பிடி உடைந்துவிட்டது என்று சொன்னேன். அவன் நம்பினான்.

பிள்ளை ஒன்றே முக்காலுக்குப் போய்விட்டாள், நாங்கள் பஸ் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

காரியம் முடிந்த மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். நடுப்பகல். கரண்ட் இல்லை. வேலாத்தாள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கன்னையன் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயர் எதுவும் இல்லை. திரையில் கோடுகள் கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறின. நாலும் நிறைந்ததும் மறுபடி கீழிருந்து ஏறின.

"அன்னையிலிருந்து சார்ஜே போடலீங்க மாஸ்டர்" என்று சிரித்தான். "யாரோ சுத்திக்கிட்டுத்தானுங்க இருக்காங்க."

உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தேன். அப்போது போன் அடித்தது.

கன்னையன் காதில் வைத்துக் கேட்டான். தலையை ஆட்டினான். பிறகு போனை என்னிடம் நீட்டினான்.

"புள்ள உங்களத்தானுங்க கேக்குது."