உள்ளே யாராவது இருந்தால்

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"உள்ள யாராவது இருந்தா மேல..." என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். 'பாருங்க' இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது. அதற்குள் ஏழாம் படுக்கையில் கிடந்த பெண்ணின் கருவிழிகள் இரண்டும் மேலே போய், இமையோரத்தில் ஒரு கணம் நின்று, மெல்ல இறங்கி அவள் முகத்தில் நிலைத்தன.

நரம்பியல் பிரிவில் இரண்டாம் வருடப் பயிற்சி மருத்துவர் அவள். மதியம் இரண்டு மணி. வார்டில் அது அமைதி நேரம். விளக்குகளைத் தணித்து, திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். ஆக்சிஜன் தண்ணீரில் குமிழியிடும் சத்தமும், எங்கோ ஒரு தள்ளுவண்டியின் எண்ணெய் காணாத சக்கரமும், ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் படுக்கைப்புண் மருந்தின் புளித்த நெடியும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.  

இருபத்திரண்டு நாளாக அதே கேள்வியைக் கேட்டுவந்திருக்கிறாள். மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் சிலருக்கு அப்படி ஆகும்: புத்தி தெளிவாக இருக்கும், காது கேட்கும், வலி தெரியும், உடம்பு மட்டும் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். கண்ணை மேலும் கீழும் அசைக்கலாம், அவ்வளவுதான். இவளும் அப்படித்தான் கிடக்கிறாள் என்று பயிற்சி மருத்துவருக்குத் தோன்றியது. ஒன்பதாம் நாள் ரவுண்ட்ஸில் அதைச் சொல்லவும் செய்தாள்.

பிரிவுத் தலைவரான சீஃப் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கண்ணு அசைஞ்சுதா? நீ பார்த்தியா?"

"இன்னும் இல்ல சார். ஆனா..."

"இது காலி வீடும்மா. கதவைத் தட்டிட்டு நிக்காத."

மாணவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவருக்குப் பிடிக்காது. 'எவ்வித உணர்வும் இல்லை' என்று அவளையே எழுதவைத்து, அவளையே கையெழுத்தும் போடவைத்தார். அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றாள். இரக்கத்தால் வந்தாள் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதி வீம்பு.

"ஆமான்னா ஒரு தரம் மேல பாருங்க. இல்லைன்னா ரெண்டு தரம். புரியுதாக்கா?"

ஒரு தரம்.

ஓடிப்போய் வார்டு சிஸ்டரை இழுத்துவந்தாள். முப்பது வருஷமாக இதே வார்டில் இருக்கும் சிஸ்டர், கேள்வியையும் பதிலையும் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டாள்.

"நல்ல விஷயம்தான் டாக்டர்," என்றாள். "ஆனா இது நோயாளி பார்க்கிற பார்வை மாதிரி இல்ல. கடையில சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி இருக்கு."

ஏழாம் படுக்கைப் பெண் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலை டிரிப்பை முடித்து, சாயங்கால டிரிப்புக்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் வந்து போவார். மனைவி கடைசியாகத் திருத்த எடுத்துவந்த பூகோளப் பாடத்தின் தாள்களை அவள் பையிலிருந்து எடுத்து, தினமும் உரக்க வாசித்துக்காட்டுவார். அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்பார்.

அன்று அவர் வந்ததும் எழுத்துப் பலகையைக் கட்டிலருகே பிடித்தாள் பயிற்சி மருத்துவர். வரிசையைக் காட்ட வேண்டும், பிறகு எழுத்தைக் காட்ட வேண்டும். சரியான இடம் வந்தால் கண் மேலே போகும். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும்.

"நான் யாருன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டார் ஓட்டுநர். குரல் உடைந்திருந்தது.

பு. ரு. ச. ன்.

அவர் அழுதார். அழுதபடியே சிரித்தார். "புருசனா! எங்க கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தப்போ அதுல மூணு தப்பு கண்டுபிடிச்சு, சிவப்புப் பேனாவால திருத்தி என்கிட்டயே குடுத்தவ டாக்டரம்மா இவ. இவளா இப்படி எழுதுறா?"

"பக்கவாதம் வந்தவங்களுக்கு எழுத்து கொஞ்சம் தடுமாறும்," என்றாள்.

பொய் சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுத்தைக் காக்கும் இடம் மூளையில் எங்கோ மேலே, அடைப்புக்கு வெகு தூரத்தில், ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஸ்கேனை நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஏழாம் படுக்கையைச் சுற்றி மொத்தப் பிரிவும் நின்றது. சீஃப் கேட்டார், கண்கள் பதில் சொல்லின. ஒரு தரம், இரண்டு தரம், பிசகே இல்லை. அவர் முகம் சிறுத்துப்போகும் என்று ஆசையோடு காத்திருந்தாள். சிறுக்கவில்லை.

"எனக்கு ஆரம்பத்துலருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்று மாணவர்கள் பக்கம் திரும்பினார். "அதனாலதான் தினம் பார்க்கச் சொல்லி ஆளைப் போட்டேன். மாநாட்டுல வாசிக்கலாம். நல்ல கேஸ்."

 'ஆள்' எச்சிலை விழுங்கினாள், அது வேப்பெண்ணெயாக இறங்கியது.

சீஃப் பேனாவை எடுத்து, நோயாளியின் விரல் நகத்தின்மேல் வைத்து அழுத்தினார். நகம் வெளுத்தது. "வலிக்குதா?"

இரண்டு தரம். இல்லை.

இன்னும் அழுத்தினார். இரண்டு தரம். "பார்த்தீங்களா, உணர்ச்சியும் போயிருக்கு," என்றார். எல்லோரும் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தற்செயலாகத் தலைமாட்டு மானிட்டரைப் பார்த்தாள். எழுபத்து நான்கில் இருந்த நாடி நூற்று முப்பதுக்கு ஏறியிருந்தது. பேனாவை எடுத்ததும் இறங்கத் தொடங்கியது. மீண்டும் வைத்தார். மீண்டும் ஏறியது.

வலிக்கவில்லை என்று கண்கள் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

அன்று மதியம் அவளுக்கு அந்த வார்டுக்குள் போகவே பிடிக்கவில்லை. போனாள். திரையை இழுத்துவிட்டதும், தாழ்ந்த வெளிச்சத்தில் அந்தச் சின்ன இடம் ஒரு பெட்டியைப் போல மூடிக்கொண்டது. ரப்பர் விரிப்பின் வாடை. திரைக்கு அப்பால் யாரோ இருமி அடங்கினார்கள். கண்கள் அவள் உள்ளே வருவதற்கு முன்பிருந்தே திரையின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பூகோளத் தாள்களில் ஒன்றை எடுத்து அந்த முகத்துக்கு நேரே பிடித்தாள். "அக்கா, இதுல தப்பு இருக்கிற வார்த்தை வந்தா மேல பாருங்க." ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை நகர்த்தினாள். நீண்ட. நாடி எழுபத்து நான்கு. மணற்பாங்கான. எழுபத்தைந்து. கடற்க்கரை.

கண்கள் அசையவில்லை.

நாடி நூற்றுப் பன்னிரண்டு.

விரலை அப்படியே வைத்திருந்தாள். அடுத்த சொல்லுக்கு நகர்ந்தாள். எண்பது. எழுபத்தாறு. மூன்று வரி தாண்டி 'முயற்ச்சி'. நூற்றிருபது. கண்கள் தாளின் மேலேதான் இருந்தன, ஆனால் தாளைத் தாண்டி அவளைப் பார்த்தன. பக்கம் முடிவதற்குள் நான்கு பிழைகள். நான்கு முறையும் அந்தப் பச்சைக்கோடு மட்டும் எகிறிக் குதித்தது.

தாளைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"தப்பு ஏதாவது இருந்துச்சா?"

இரண்டு தரம். இல்லை.

 இப்போதே எழுந்து போய்விடலாம். போகவில்லை.

"நீங்க... அந்த அக்காதானா?"

கண்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. முதல் முறையாக யோசித்தன. பிறகு இரண்டு தரம்.

பலகையை எடுத்தாள். வரிசை வரிசையாக விரலை ஓட்டினாள். விரல் வேர்த்து எழுத்துகள்மேல் ஈரம் ஒட்டியது.

"யாரு நீ?"

நீ. கூ. ப். டே.

நீ கூப்பிட்டாய். சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இருபத்திரண்டு நாள், தினமும், இதே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. பெயர் சொல்லி அவள் ஒரு நாளும் அழைத்ததில்லை. யாராவது இருந்தா என்றுதான் அழைத்திருந்தாள்.

"அந்த அக்கா எங்க?"

கீ. ழ.

"அவங்களுக்குக் கேக்குதா?"

ஒரு தரம்.

"வலிக்குதா?"

ஒரு தரம்.

"கண்ணை அவங்களுக்குக் குடுத்துடு."

இரண்டு தரம்.

"தயவுசெய்து."

இரண்டு தரம். இரண்டு தரம். இரண்டு தரம்.

மானிட்டர் அலறத் தொடங்கியது. நூற்று நாற்பது. நூற்று ஐம்பது. சிஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தபோது, பயிற்சி மருத்துவர் தரையில் உட்கார்ந்திருந்தாள். பலகை கட்டிலுக்கடியில் கிடந்தது. கண்கள் அங்கிருந்தே குனிந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சீஃப் முழுவதும் கேட்டார். அதுதான் கொடுமை, இத்தனை நாளில் முதல் முறையாக அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"உள்ள ஆள் இருக்குன்னு சண்டை போட்டே. சரின்னேன். இப்போ ஆள் இருக்கு, ஆனா வேற ஆளுங்கிறே." நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு மாசத்துல பரீட்சை. இதை நீ வெளியில பேசினா உன்னை எங்கே அனுப்புவாங்கன்னு உனக்கே தெரியும். பக்கத்து பில்டிங்தான், தூரம்கூட இல்ல. நாலு நாள் லீவு எடுத்துக்கோ."

"நாடியை மட்டும் ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"நாடி ஏறும், இறங்கும். அதுக்குப் பேர் நாடி."

கணவரிடம் சொல்லிவிடலாம் என்று போனாள். அவர் வார்டு வாசலில் புதுத் தலையணை உறையோடு நின்றிருந்தார். சவரம் செய்திருந்தார். பத்து வயது குறைந்திருந்தது.

"நேத்து அவளே கேட்டா டாக்டரம்மா. 'வீட்டுக்கு போலாம்'னு. முக்கால் மணி நேரம் ஆச்சு அதைச் சொல்லி முடிக்க." குரலைத் தாழ்த்தினார். "நடுவுல ஒரு 'ப்' விட்டுட்டா. நான் திருத்தலை. இத்தனை வருஷம் அவ என்னைத் திருத்தினா. இப்போ நான் விட்டுக்குடுக்கக் கூடாதா?"

 என்ன சொல்வது? உங்கள் மனைவி உள்ளேதான் இருக்கிறாள், உங்களோடு பேசுவது அவளில்லை என்றா? அவளுக்கு ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது, அது இந்த இயந்திரத்தின் பச்சைக்கோடு, அதுவும் ஆஸ்பத்திரியின் சொத்து என்றா?

"வீட்டுல தினம் நாடி பாருங்க," என்றாள். "நீங்க பேசும்போது, கையைப் புடிச்சுக்கிட்டு."

"எதுக்கு டாக்டரம்மா? அதான் கண்ணாலயே எல்லாம் சொல்றாளே."

டிஸ்சார்ஜ் தாளில் பயிற்சி மருத்துவர் கையெழுத்து இருக்க வேண்டும். போட்டாள். 'நோயாளி முழு நினைவுடன் உள்ளார். கண்ணசைவின் மூலம் உரையாடுகிறார்' என்று சீஃப் சொன்னதை எழுதினாள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மாநாட்டுக் கட்டுரையில் அவள் பெயரும் இருக்கும் என்று சொல்லியிருந்தார், ஆறாவதாக.

மார்பில் ஒட்டியிருந்த மூன்று வயர்களை எடுக்க சிஸ்டர் வரவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். பயிற்சி மருத்துவரே எடுத்தாள். முதல் வயரைத் தொட்டதும் நாடி ஏறியது. நூறு. நூற்று முப்பது. நூற்று அறுபது. இரண்டாவது. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா," என்றாள். இந்த முறை காதருகே குனிந்து, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே சொன்னாள்.

பிய்த்தாள். மானிட்டரில் பச்சைக்கோடு நேராக ஓடியது.

வாசலில் ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்திருந்தது. சாயங்கால வெயில் ஸ்ட்ரெச்சர்மேல் சாய்வாக விழுந்தது. கணவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போறோம்மா. சந்தோஷமா?"

கண்கள் மேலே போயின. ஒரு தரம்.

அப்போதுதான் கண்ணீர் வந்தது. இரண்டு கண்ணிலிருந்தும், சொட்டாக இல்லை, தாரையாக. நெற்றிப்பொட்டு வழியாக வழிந்து காதுக்குள் இறங்கிப் புதுத் தலையணை உறையை நனைத்தது. நனைந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தது.

"ஆனந்தக் கண்ணீர் டாக்டரம்மா," என்று கணவர் துண்டால் ஒற்றினார். "அப்படித்தானேம்மா?"

ஒரு தரம்.

துண்டு நனைந்தது. மடித்து உலர்ந்த பக்கத்தால் ஒற்றினார். அதுவும் நனைந்தது. அந்த வெள்ளத்துக்கு நடுவே இரண்டு கருவிழிகளும் சிவக்காமல், இமைக்காமல், அவர் தோளுக்கு மேலாகப் பயிற்சி மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதவு சாத்தும் வரை பார்த்தன. கண்ணீர் நிற்கவே இல்லை.