கதவு வைக்காத அறை

பக்கத்து வீட்டில் பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து என் வீட்டு ஈரத்துணி எல்லாம் மதில் ஓரமாகவே காய்ந்தது. அன்றைக்கு மழை மூட்டமான சாயங்காலம். அதனால் என்ன, துணி என்றால் உலர்த்தத்தானே வேண்டும்!

இன்ஜினியர் டேப்போடு வந்தார். "பிளான் வரையறதுக்கு முன்னாடி சுண்ணாம்புப் பொடியால தரையில கோடு போடுங்க சார். கட்டில் அடங்குதா, நாற்காலி திரும்புதான்னு அதுக்குள்ளயே புழங்கிப் பாருங்க. கட்டினப்புறம் இடிக்கிறது வீண் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறை அந்த வீட்டுப் பெரியவருக்கு. இடுப்பு ஒடிந்ததிலிருந்து அவர் சக்கர நாற்காலியோடு கூடத்தின் நடுவில். மருமகள் அடுப்படிக்குப் போக அவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் விடும் பெருமூச்சு என் வீடு வரை கேட்கும்.

நாற்காலியைக் கொல்லையில் நிறுத்தி, மகன் அவரைச் சுற்றிக் கோடு போடத் தொடங்கினார்.

"என்னை வெளிய தள்ளப் பாக்குறியாடா?"

"உங்களுக்குன்னு தனி ரூம்ப்பா. காத்தாட இருக்கலாம்."

"இருக்கிற இடத்துல எனக்கு என்ன குறைச்சல்?"

மகன் ஜன்னலுக்கு அடையாளமாக என் பக்கத்துக் கோட்டில் இரண்டு செங்கல் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, என் வீட்டைப் பாத்த மாதிரியா ஜன்னல் வைப்பீங்க? ஒரு மனுஷி நிம்மதியா இருக்க வேணாமா?"

"நீங்க மட்டும் எங்களைப் பாக்கலாமாக்கா?" என்றாள் மருமகள். வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்த வாக்குவாதத்தில், நான்கு பக்கமும் கோடு மூடிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

தூறல் விழுந்தது. "வாங்கப்பா, உள்ள போலாம்."

கோட்டருகே வந்ததும் நாற்காலி நின்றது.

மகன் தள்ளினார். கல் ஏதும் தடுக்கவில்லை. மருமகள் அந்த இடத்துக் கோட்டைக் காலால் அழித்தாள். மறுபடி தள்ளினார்கள்.

டொக்.

பெரியவர் கையை நீட்டினார். உள்ளங்கை காற்றில் தட்டையாகப் பதிந்து நின்றது. ஈரச் சிமென்ட் வாடை அடித்தது, புதிதாகப் பூசிய சுவரின் வாடை. அந்த வீட்டில் ஒரு மூட்டை சிமென்ட்கூட இன்னும் இறங்கவில்லை.

"அதுக்குள்ள கட்டிட்டியாடா?" என்றார் மெதுவாக.

மகன் அவரை இரு கையிலும் வாரி எடுத்துக்கொண்டு ஓடினார்.

கோட்டைத் தாண்டினார்.

கையில் அப்பா இல்லை.

அவர் உள்ளேயே, தரையில் கிடந்தார்.

"கதவு! கதவுக்கு இடமே விடலைங்க!" என்று மருமகள் அலறினாள்.

மகன், அழித்த கோட்டை மறுபடி போட்டு, நடுவில் வாசலுக்கு இடைவெளி விட்டார். பிறகு அவரைத் தூக்கினார்கள். இந்தத் தடவை எதுவும் தடுக்கவில்லை. ஆனால் அவரிடம் மூச்சு இல்லை.

அதோடு அறைப் பேச்சு நின்றது. சுண்ணாம்பை மழை கழுவிக்கொண்டு போனது.

இன்றைக்குச் சாயங்காலம் அடைமழை. நானாவது சும்மா இருந்திருக்கலாம். குடையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கொல்லை முழுக்கத் தண்ணீர். நடுவில் ஓர் அறையளவு தரை மட்டும் புழுதி பறக்கக் காய்ந்து கிடந்தது.

திரும்பினேன். என் வீட்டுச் சுவரில், அவர்கள் செங்கல் வைத்த இடத்துக்கு நேராக, ஜன்னல் அகலத்துக்கு மஞ்சள் வெளிச்சம். அந்தப் பக்கம் விளக்கே கிடையாது.

வெளிச்சத்தின் நடுவில், உட்கார்ந்த ஓர் ஆளின் நிழல்.

நான் நகர்ந்தேன். நிழலின் தலையும் கூடவே திரும்பியது.

உள்ளே ஓடி எல்லா ஜன்னலையும் சாத்தித் தாழ் போட்டேன்.

இப்போது வெளிச்சம் என் கூடத்துச் சுவரில் விழுகிறது.