ஜோயலுக்குத் தெரிந்த ஆடு

"ஜோயல், நீதான் ஆடு. போய் ஒளிஞ்சுக்கோ" என்றாள் பெர்சிஸ்.

"ஆடு?" என்று கேட்டான் ஐந்து வயது ஜோயல். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமா, ஆடு."

அவ்வளவுதான், ஆள் சிட்டாய்ப் பறந்துவிட்டான்.

அது ஓசூரில் ஒரு கிறிஸ்தவ சபை. பெரியவர்கள் ஆராதனையில் இருக்கும்போது, பின்னால் உள்ள கூடத்தில் ஞாயிறு பள்ளி நடக்கும். இயேசு சொன்ன, காணாமல் போன ஆட்டின் கதையைப் பிள்ளைகள் அடுத்த வாரம் நாடகமாக நடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பை ஆசிரியை பியூலா அக்கா, ஆறாம் வகுப்புப் படிக்கும் பெர்சிஸிடம் கொடுத்திருந்தார். அதில் பெர்சிஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜோயல் குடும்பம் போன மாதம்தான் கர்நாடகத்திலிருந்து வந்தது. அவனுக்குத் தமிழ் அரைகுறை. "நான் பார்த்துக்கிறேன் ஆன்ட்டி" என்று அவன் அம்மாவிடம் சொல்லி, காலையில் அவனை அழைத்து வந்தவளே பெர்சிஸ்தான்.

மேய்ப்பனாக நடித்த பிரகாஷ், தலையில் துண்டும் கையில் குச்சியுமாகத் தேடினான். ஆட்டைக் காணோம்.

"ஜோயல், போதும். வெளியே வா" என்று பெர்சிஸ் கூப்பிட்டாள். பதில் இல்லை. எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், மாடிப்படியில் என்று எங்கும் அவன் இல்லை.

அப்போதுதான் வெளிக்கேட் திறந்து கிடப்பதை அவள் பார்த்தாள். வெளியே சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலை. ஞாயிற்றுக்கிழமையும் லாரிகள் ஓயாது. பியூலா அக்கா செருப்புக்கூடப் போடாமல் சாலைக்கு ஓடினார்.

"இயேசப்பா, அவன் பத்திரமா இருக்கணும்" என்று முணுமுணுத்தாள் பெர்சிஸ். அழுகை முட்டியது. "நான் சரியாத்தானே சொன்னேன்? நீதான் ஆடு, போய் ஒளிஞ்சுக்கோன்னு..."

சட்டென்று அவள் அழுகை நின்றது. அவள் தெருவில் கன்னடம் பேசும் பிள்ளைகள் நிறைய பேர். அவர்கள் "ஆடு" என்றால் அது புல் மேய்கிற ஆடு இல்லை.

"பிரகாஷ், கன்னடத்துல ஆடுன்னா விளையாடுன்னு அர்த்தம்டா. ஜோயல் கண்ணாமூச்சி விளையாடுறான். கூப்பிட்டா எப்படி வருவான்? நாம தோத்துட்டோம்னு சொல்லணும்."

கூடத்தின் நடுவில் நின்று, "ஜோயல், நானு சோத்தே" என்று கத்தினாள்.

"சோத்தையா? அதுக்குள்ள சாப்பாடு வந்துடுச்சா?" என்றான் பிரகாஷ்.

"தோத்துட்டேன்னு அர்த்தம்டா. நீயும் சொல்லு."

"நானு சோத்தே" என்று எல்லாரும் கத்தினார்கள். நாற்காலி அடுக்கின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் அசைந்தது. தலையெல்லாம் ஒட்டடையோடு ஜோயல் வெளியே வந்தான்.

"நானு கெத்தே" என்றான். ஜெயித்துவிட்டானாம்.

பெர்சிஸ் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. பிரகாஷ் கூப்பிட்டதும் மூச்சிரைக்க உள்ளே வந்த பியூலா அக்கா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஆடு கிடைச்சதும் மேய்ப்பன் என்ன செய்வான், பெர்சிஸ்?"

"தோள்மேல தூக்கிப்பான் அக்கா" என்று சொல்லி ஜோயலைத் தூக்கினாள். "ஆனா இந்த ஆடு ரொம்பக் கனம்."

ஆராதனை முடிந்து ஜோயலின் அம்மா வந்தார். "பையன் தொந்தரவு பண்ணானா?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள் பெர்சிஸ். அம்மாவின் முகம் வெளுத்து, பிறகு மெல்ல மலர்ந்தது.

"அடுத்த வாரமும் நீயே பார்த்துக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"பார்த்துக்கிறேன் ஆன்ட்டி" என்றாள் பெர்சிஸ். "முதல்ல கேட்டைப் பூட்டிடுறேன்."