தேங்கிய சீட்டுகள்

பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது, காகிதச் சுருள் ஒழுங்காக இருந்தது, ஒயர் இறுக்கமாகச் செருகியிருந்தது. ஆனாலும் காலையிலிருந்து அது ஒரு துண்டுகூடத் துப்பவில்லை. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இப்படியொரு கல்லுளிமங்கன் வாய்த்ததில்லை.

சன்னல் இல்லாத நிலவறை. பக்கத்து அறையில் குளிர்பெட்டிகள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, பினாயில் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்து மூக்கில் ஒட்டியது. அது என்னவென்று யோசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிணவறையின் பிரிண்டர் இது. மேலே வார்டில் ஒருவர் இறந்ததும் நர்ஸ் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். இறந்தவரின் கால் விரலில் கட்ட வேண்டிய சீட்டு இங்கே அச்சாகும்.

இன்றைக்கு யாருமே வரவில்லை என்றார் பிணவறை ஊழியர். விடிவதற்குள் போய்விடுவார் என்று டாக்டர் கைவிட்ட கிழவர்கூட இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறாராம்.

"இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில இப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லம்மா."

நல்லதுதானே என்றாள். அவள் தம்பியும் மேலேதான் இருந்தான். குடல்வால் ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வாய்க்கு வந்தபடி திட்டும் அளவுக்குத் தேறியிருந்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். இதை முடித்துவிட்டு அவனிடம் போக வேண்டும்.

திரையைத் திறந்தாள். யாரும் இறக்காத நாளில், வரிசையில் மூன்று சீட்டுகள் காத்திருந்தன. யாருடையவை என்று அவள் பார்க்கவில்லை. அச்சாகப் போவதைத் திறந்து படிப்பது அவர்கள் பிரிவில் மரியாதைக் குறைவு, ஓடவிட்டால் போதும். கோளாறும் சின்னதுதான். பிரிண்டரின் முகவரி மாறியிருந்தது. கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. திருத்தினாள்.

பிரிண்டர் இருமிவிட்டு ஒரு சீட்டைத் தள்ளியது. ஊழியர் அதைக் கிழித்து, பெயரைப் படித்து, நெற்றியைச் சுருக்கினார். அந்தக் கிழவர்.

மேசைமேல் போன் அடித்தது. கிழவர் இப்போதுதான் போனார் என்றார்கள்.

இரண்டாவது சீட்டு வந்தது. ஒரு பெண்ணின் பெயர். ஊழியர் அதைத் தொடவில்லை. இருவரும் போனையே பார்த்தார்கள்.

அடித்தது.

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக, வரிசையில் நின்றதைத் திறந்து படித்தாள்.

தம்பியின் பெயர்.

ரத்து என்பதை அழுத்தினாள். 'நீக்கப்படுகிறது' என்று திரை சொன்னது; நீக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பிரிண்டர் இருமத் தொடங்கியது. ஒயரைப் பிடுங்கினாள். மின்சாரத்தைப் பிடுங்கினாள். சுருளையே உருவித் தரையில் எறிந்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

அமைதி. குளிர்பெட்டிகளின் உறுமல் மட்டும்.

அப்பாடா என்று திரையைப் பார்த்தாள். வரிசை காலியாக இருந்தது. 'வேறு பிரிண்டருக்கு மாற்றப்பட்டது.'

ஒரு பிரிண்டர் படுத்தால் வேலை தானாக இன்னொன்றுக்குப் போகட்டும் என்று ஆஸ்பத்திரி முழுக்க ஏற்பாடு செய்தவளே அவள்தான். கெட்டிக்காரி என்று எல்லோரும் கை தட்டினார்கள். சொந்தச் செலவில் சூனியம்.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுத்தான். அவன் குரலைக் கேட்டதும் அழுகை முட்டியது.

"எழுந்து வெளிய வாடா. இப்பவே."

"தையல் பிரிஞ்சிடும்க்கா. என்னாச்சு உனக்கு?" சிரித்தான். "இங்க நர்ஸ் மேசையில யாரும் இல்ல. பிரிண்டர் மட்டும் தானா ஓடுது."

"கிழிச்சுப் போடு. யாரும் தொடறதுக்குள்ள கிழிச்சுப் போடுடா."

"அதை யாரோ எடுத்துட்டாங்க போலிருக்கே. விளக்கையும் அணைச்சுட்டாங்க."

காலடிச் சத்தம் போனில் கேட்டது. வெறும் கால்கள். அவசரமில்லாமல்.

"அக்கா." குரல் சுருங்கியிருந்தது. "யாரோ போர்வைக்குள்ள கைய விடறாங்க. கால் விரல்ல என்னமோ கட்டறாங்க."

"உதறு."

"கால் வரமாட்டேங்குது. குளிருது."

அதன்பின் அவன் பேசவில்லை. நூலை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம் மட்டும், காதுக்கு மிக அருகில்.

மேசைமேல் போன் அடித்தது. ஊழியர் அதை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அடித்துக்கொண்டே இருந்தது.