மீசை வைத்த பென்னி

இங்கிலாந்தில், சஃபோக்கின் அந்த மேய்ச்சல் நிலத்து வாசலில் லெஸ்லி காரை நிறுத்தியபோது மத்தியானம்தான். ஆனாலும் பனிமூட்டம் வேலி வரை வந்து உட்கார்ந்திருந்தது. கூட வந்த நண்பர் மால்கம் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார்.

"ஊரே வருஷக்கணக்கா சலிச்ச நிலம் இது, லெஸ். ரோமன் காசு கெடைக்கும்னு இன்னுமா நம்புற?"

"எனக்கு ரோமன் காசு வேண்டாம்பா. பெரிலோட பென்னி ஒண்ணு கெடைச்சா போதும்."

மால்கம் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பெரில் லெஸ்லியின் மனைவி. ஞாயிறு தவறாமல் இருவரும், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் டிடெக்டரோடு இங்கே அலைந்தவர்கள். அவர் பழங்காசு தோண்டிய குழியில், மண்ணை மூடும் முன் அவள் ஒரு புதுப் பென்னி போடுவாள். அதற்கும் முன்னால், ஊசியால் காசிலுள்ள ராணியின் கன்னத்தில் மூன்று பூனைமீசை கீறுவாள்.

"எடுத்தா வைக்கணும், லெஸ். பின்னாடி வர்றவன் வெறுங்கையோட போகக்கூடாதுல்ல."

"ராணிக்கு மீசை வெச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"போடட்டும். உன் சமையலுக்கு ஜெயில் சாப்பாடே தேவலை" என்பாள், கிராம்பு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

ராணி உயிரோடு இருக்கும்போதே பெரில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாளை இந்த நிலம் முழுக்க சோலார் பலகைகளுக்குத் தூண் இறக்கப்போகிறார்கள். அதற்குள் அவள் கை பட்ட ஒரு காசாவது வேண்டும் என்று லெஸ்லிக்குத் தவிப்பு.

காசு தேடுகிறவர்கள் கருவியில் இரும்பின் சத்தத்தை அடைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் துருப்பிடித்த ஆணியெல்லாம் கத்தித் தீர்க்கும். இந்தக் காலத்துப் பென்னியோ உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. ஆகவே பெரிலின் பென்னிகள் யார் காதிலும் விழாமல் கிடக்கும். இத்தனை நாள் கழித்துத்தான் அது லெஸ்லிக்கு உறைத்தது. இன்று அடைப்பை எடுத்துவிட்டார்.

ஆணி. லாடம். மறுபடி ஆணி. பழைய குழிகளில் இரண்டு பென்னிகள் அகப்படத்தான் செய்தன. தேய்த்துப் பார்த்தால் வெறும் துரு. ராணியும் இல்லை, மீசையும் இல்லை.

வெளிச்சம் மங்கியது. போகலாம் என்று மால்கம் கையசைத்தார்.

அப்போதுதான் கிராம்பு வாசனை வந்தது.

காற்றே இல்லை.

காலடியில் கருவி உறுமியது. யாரும் தோண்டாத புல்தரை அது. வேர்கள் பாய் பின்னியதுபோல் அறுபடாமல் இருந்தன. லெஸ்லி மண்வெட்டியால் அறுத்து, புல்லைப் பெயர்த்தார்.

வேருக்கு அடியில் ஒரு பென்னி, பளபளவென்று.

கன்னத்தில் மூன்று மீசை.

அது ராணியின் கன்னம் இல்லை.

புது ராஜாவின் தலை. அந்தத் தலை போட்ட பென்னியை லெஸ்லி இதுவரை கடையில்கூடப் பார்த்ததில்லை.

மால்கம் அருகில் வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "வீட்டுக்குப் போயிரலாம்பா" என்றார் மெதுவாக.

"எடுத்தா வைக்கணும்ல."

லெஸ்லி தன் பையிலிருந்து ராணித் தலைப் பென்னி ஒன்றை எடுத்தார். கத்தி முனையால் மீசை கீறினார். ஒன்று கோணலாகப் போயிற்று. அதைக் குழியில் வைத்து, புல்லை மூடி, பூட்ஸால் அமுக்கினார்.

மூடிய குழி மேல் கருவியை மறுபடி ஓட்டிப் பார்ப்பது இவர்கள் வழக்கம். மால்கமும் கேட்கட்டும் என்று ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஓட்டினார்.

சத்தமில்லை.

மண்வெட்டிக்கு நேரே நீட்டினார். அலறியது. மறுபடி குழி மேல் கொண்டுவந்தார்.

சத்தமில்லை.

"இப்பதான போட்ட..." மால்கத்தின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "நான் பாத்தேனே, லெஸ். எங்க போச்சு?"

லெஸ்லி புல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதார். கிராம்பு வாசனை இன்னும் போகவில்லை.

"வாங்கிக்கிட்டா" என்றார்.