டம்ளரில் இருந்த சுருதி

பத்து வயதுச் சங்குவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் அவள் அண்ணன். அவள் தெருவின் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால், மறுமுனையில் தூங்கும் நாய் எழுந்து உட்காரும். அந்தக் குரல் வீணாகக் கூடாது என்று, வாராவாரம் பிரார்த்தனைக் கூடத்தில் முதல் பாட்டைத் தொடங்கி வைக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். கூடத்து ஆர்மோனியத்தை எலி கடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சங்கு கண்ணை மூடி, உருகி, உச்சியில் தொடங்குவாள். எல்லோரும் உற்சாகமாகச் சேர்ந்துகொள்வார்கள். மூன்றாவது வரியில்தான் பாட்டு ஏணி ஏறும். அப்போது ஆண்கள் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொள்வார்கள். பெண்களில் பாதிப் பேருக்கு இருமல் வரும்.

முடிந்ததும் பிரார்த்தனை நடத்தும் ஐயா, "கடவுள் மனசைத்தாம்மா பாக்கறார்" என்பார். சங்கு அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தாள்.

அந்த வாரம் பெரியப்பா கூடத்துக்கு வந்திருந்தார். பஸ் ஓட்டுகிறவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதம் பாடாமல் இருந்தவர். இனிமேல் மெதுவாகப் பாடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிரார்த்தனை முடிந்து சங்குவின் வீட்டுக்கு வந்ததும், அவள் அம்மாவிடம் அவர் பேசியது சங்குவின் காதில் விழுந்தது.

"மூணாவது வரியில தொண்டை நின்னுபோச்சும்மா. சும்மா வாயை அசைச்சிட்டு வந்தேன். சாமி முன்னாடி பாடற மாதிரி நடிக்க வெக்கமா இருக்கு. அடுத்த வாரம் நான் வரல."

சங்குவுக்குச் சுருக்கென்றது. அண்ணனிடம் போனாள்.

"நான் ரொம்ப மேல ஆரம்பிக்கறேனா?"

"மேலயா? போன வாரம் ஒரு புறா இறங்கி வந்து பாத்துட்டுப் போச்சு."

"கடவுள் மனசைப் பாக்கறார்னு ஐயா சொன்னாரே."

"பாட்டு நல்லா இருந்தா பாட்டைப் பத்திச் சொல்லியிருப்பார்."

சங்கு யோசித்தாள். அண்ணன் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

"மனசைக் கடவுள் பாத்துக்கட்டும். பெரியப்பா தொண்டைய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் ஒரு கண்ணாடி டம்ளர், ஸ்பூன், பாட்டில் தண்ணீரோடு பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

"மூணாவது வரியப் பாடுங்க. வலிக்காம எவ்வளவு மேல போகுமோ, அவ்வளவு போதும்."

அவர் பாடினார். கரகரப்பாக இருந்தாலும் வந்தது. சங்கு அதைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்கி முதல் வரியின் தொடக்கத்தில் வந்து நின்றாள். அதே ஒலி வரும்வரை டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், தட்டினாள், ஊற்றினாள், தட்டினாள்.

"என்னம்மா, என் தொண்டைக்கு அளவு எடுக்கறியா?"

"ஆமா. அசையாம உக்காருங்க."

டணங். அதேதான். பேனாவால் கோடு போட்டுக்கொண்டாள்.

தினமும் முதலில் டம்ளரைத் தொடாமல் பாடுவாள். பிறகு தட்டிச் சரிபார்ப்பாள். முதல் நாள் அவள் குரல் மாடியில் இருந்தது, டம்ளரின் ஒலி தரையில் இருந்தது. மூன்றாம் நாள் குரல் படிக்கட்டு வரை இறங்கியது. பல் தேய்க்கும்போது பாடினாள். கணக்கு வகுப்பில் ஒருமுறை பாடியதற்கு டீச்சர் வெளியே நிற்கச் சொன்னார். வெளியே வசதியாக இருந்தது. பத்துத் தடவை பாடிப் பார்த்தாள்.

பிரார்த்தனை நாளில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கூடம் வரை நடந்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சி வரவழைத்த பெரியப்பா, கடைசி வரிசையில் நின்றிருந்தார்.

ஐயா தலையசைத்தார். எல்லோரும் எழுந்தார்கள். சங்கு ஸ்பூனை எடுத்தாள்.

டம்ளர் காலி.

பக்கத்தில் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். "தாகமா இருந்துச்சு."

"என் சுருதியக் குடிச்சிட்டியா?"

"தண்ணின்னு நினைச்சேன்."

குழாய் வெளியே இருந்தது. கூட்டம் காத்திருந்தது. சங்கு கண்ணை மூடினாள். இந்த முறை உருகுவதற்கு அல்ல, கேட்பதற்கு. ஆறு நாள் தட்டிய டணங் உள்ளே எங்கேயோ மெல்ல ஒலித்தது. அதில் தொடங்கினாள்.

மூன்றாவது வரி வந்தது. பழக்கதோஷத்தில் குனிந்த சிலர் ஏமாந்து நிமிர்ந்தார்கள். ஒருவரும் இருமவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல், எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் பஸ் மாதிரி மெதுவாக, ஆனால் கடைசிவரை வந்து சேர்ந்தது.

"இன்னிக்குப் பாட்டு நல்லா இருந்துச்சும்மா" என்றார் ஐயா. மனசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சங்கு காலி டம்ளரை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அடுத்த வாரமும் நீயே குடிச்சுக்கோ."