குமிழி வந்த இடம்

"தள்ளுங்க... தள்ளுங்க! கேபிள் அறுந்துரும்!"

கடலடியைப் படம் பிடிக்கும் கருவியைக் கேபிளில் இழுத்துப்போன ஆய்வுப் படகின் விளிம்பில் நின்று விஜிலா கத்திய கத்தலில், தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை மேலே வந்தது. உப்புத் தண்ணீரில் சிவந்த கண்கள்... அதிலும் ஒரு சிரிப்பு!

"இங்கன என்ன பண்ணுதீங்க அண்ணாச்சி?"

"சங்கு எடுக்க முங்குதேன். அண்ணாச்சின்னு மட்டும் சொல்லிராதீங்க மேடம்... பிரைட்டன்னு நல்ல பேரு இருக்கு."

வந்த சிரிப்பை அவள் கடித்து விழுங்கினாள்.

மணப்பாட்டுக்காரி அவள். கடலடியில் எங்கே மண் சரியும், எங்கே வாயு பதுங்கியிருக்கும் என்று அளந்து சொல்வதுதான் வேலை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே, இதே இடத்தில் துளைபோடும் மேடை ஒன்று கால் ஊன்றப்போகிறது. அதில் இருபது பேர் வேலை பார்ப்பார்கள். 'ஆபத்து குறைவு' என்று அவள் வரைபடத்தில் பச்சை அடித்தாயிற்று; இப்போது நடப்பது கடைசிச் சரிபார்ப்பு.

"இங்கன எதையும் ஊனாதீங்க மேடம். அடிமண்ணுலேருந்து குமிழி வருது."

"மெஷின்ல ஒண்ணும் தெரியலையே..."

அடுத்த நாளும் வந்தான், அதற்கடுத்த நாளும். அதே இடத்தில் முங்கினான். மூன்றாம் நாள், குமிழிகளைப் பிடித்து அடைத்த தண்ணீர் பாட்டிலை நீட்டினான். படகே சிரித்தது.

"வெறும் பாட்டிலக் காட்டி என் வேலைய எனக்கே சொல்லித் தாரீங்களா?" என்றாள் விஜிலா.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. தன் சின்ன வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினான்.

மறுநாள் வரவில்லை. அவ்வளவு பெரிய கடல்... வெறிச்சென்று கிடந்தது.

பாட்டிலை எறிய மனசு வராமல் லேபுக்கு அனுப்பினாள். மீத்தேன் வாயு என்றார்கள்! இதுவரை கடலடியின் மேல்பரப்பை மட்டும்தான் படம் பிடித்திருந்தாள். மண்ணுக்குள் ஊடுருவிப் பார்க்கும் கருவியைக் கட்டி மறுபடி படகை ஓட்டினாள். திரையில் வரிவரியாய் வந்த மண்படுகை சட்டென்று அறுந்து, புகைமூட்டமாய்க் கலங்கியது. வாயு! மேடையின் கால் அதைக் குத்தியிருந்தால் மேடையே சரிந்திருக்கும்... அதில் இருபது பேர்!

"என் மேப் தப்பு சார்," என்று அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். திட்டு வாங்கினாள். பச்சையை அழித்துச் சிவப்பு அடித்தாள்.

அன்று சாயங்காலம் திரேஸ்புரம் கரையில் மழை. வள்ளத்துக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த பிரைட்டன், தன்னை விசாரித்துத் தேடி வந்த அவளைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"மேடைய அரைக் கிலோமீட்டர் தள்ளிட்டாங்க. நீங்க சொன்னதுதான் சரி. நான் பேசுனதுதான்... மன்னிச்சிருங்க."

"அத விடுங்க. ஏன் இப்படி நனையுதீங்க?" தார்ப்பாயின் ஒரு முனையை அவள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? அங்கன சங்கு நெறைய கிடைக்குமோ?"

"ஒண்ணுகூட கிடையாது."

"பின்ன எதுக்கு மூணு நாளா அங்கனயே முங்குனீங்க?"

அவன் மண்ணைப் பார்த்தான். "மொத நாளு தெரியாம வந்தேன்... மத்த ரெண்டு நாளும், மேல வந்தா ஒங்க முகத்தப் பாக்கலாம்லா..."

மழை சடசடத்தது. விஜிலாவின் கன்னத்தில் வழிந்தது மழையா, கண்ணீரா, அவளுக்கே தெரியவில்லை.

"நீங்க முங்கிக் கெடந்த நேரமெல்லாம்," என்றாள் மெல்ல, "மேல வாரவரைக்கும் நானும் மூச்சு விடல பிரைட்டன்..."